தகர ஷீட்டை நாமே வெட்டலாம்: கையும் பத்திரம், கூரையும் பத்திரம்



புரட்டாசி பிறந்தாலே நம் குழுக் கூட்டங்களில் கூரைக்காகக் கடன் கேட்பது அதிகமாகிவிடும். "ஒழுகுது, ரெண்டு ஷீட்டாவது மாத்தணும்", "அடுப்படிக்கு மேல சாய்ப்பு இறக்கணும்", "ஆட்டுக் கொட்டகைக்கு வருஷா வருஷம் கீத்து மாத்திக் கட்டுப்படியாகல." பெருங்குடியிலும் சரி, சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் போன்ற ஊர்களிலும் சரி, கீற்று இருந்த பல இடங்களில் இப்போது தகர ஷீட் வந்துவிட்டது. கடன் கொடுப்பதும் தவணை கட்டுவதும் நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் அந்தக் கடனில் வாங்கின ஷீட்டை எப்படி வெட்டுகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

"அதுல என்ன இருக்கு? வெல்டிங் கடைத் தம்பி மெஷின் எடுத்துட்டு வந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்று நீங்கள் சொல்லலாம். முடிந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் ஷீட்டின் ஆயுசில் சில வருஷங்களும் அந்தப் பத்து நிமிஷத்திலேயே போய்விடும். கடன் தவணை முடிவதற்குள் ஓரத்தில் துரு தெரிந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

துரு எங்கிருந்து தொடங்குகிறது?

தகர ஷீட் என்பது உள்ளே இரும்புத் தகடு. அதன் இரண்டு பக்கமும் துத்தநாகப் பூச்சு, அதாவது ஜிங்க். கலர் ஷீட் என்றால் அந்தப் பூச்சுக்கு மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள். சில ஷீட்டுகளில் துத்தநாகத்தோடு அலுமினியமும் கலந்திருக்கும். இந்தத் துத்தநாகம் வெறும் போர்வை மாதிரி மூடிக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. பக்கத்தில் கொஞ்சம் இரும்பு திறந்து கிடந்தால், தான் முதலில் அரிந்து அந்த இரும்பைக் காப்பாற்றும். வீட்டில் ஒருத்தி தான் சாப்பிடாமல் பிள்ளைகளுக்குப் போடுவதில்லையா, அதுபோலத்தான். அதனால் ஷீட்டைக் கத்தரியால் வெட்டினால், வெட்டின ஓரத்தில் தெரியும் மெல்லிய இரும்புக் கோட்டை இரண்டு பக்கத்துத் துத்தநாகமும் பார்த்துக்கொள்ளும்.

கட்டிங் வீல் போட்ட மெஷினில் வெட்டும்போது நடப்பது வேறு. துத்தநாகம் 419 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும், 907 டிகிரியில் ஆவியாகிவிடும். வீல் உரசுகிற இடத்தில் ஓரம் அவ்வளவு சூடாகி, காப்பாற்ற வேண்டிய பூச்சே கருகிப் போகிறது. அதோடு நிற்கவில்லை. பறக்கிற தீப்பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத் துகள். அது கலர் ஷீட்டின் பெயிண்டில் விழுந்து ஒட்டிக்கொள்ளும். ராத்திரி பனி பட்டதும் மறுநாள் காலையில் புது ஷீட் முழுக்கப் பழுப்புப் புள்ளி. "கடைக்காரன் மட்ட சரக்கைத் தள்ளிட்டான்" என்று திட்டுகிறோம். பல நேரம் சரக்கில் குறை இருக்காது, வெட்டின விதத்தில்தான் இருக்கும்.

நம் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். பெருங்குடிக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல், மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. அதே ஷீட் சேலத்திலோ தருமபுரியிலோ நீடிக்கிற அளவுக்கு இங்கே நீடிக்காது.

தீப்பொறியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பக்கத்து வீடு கீற்றுக் கூரையாக இருக்கும், கொடியில் துணி காயும், சன்னலோரம் கேஸ் சிலிண்டர் இருக்கும். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்ததை நாம் மறக்க முடியாது. கீற்று எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஓலை வீடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பொறி பறக்க ஷீட் வெட்டுவதை நாங்கள் ஏற்கவே மாட்டோம்.

முதலில் இரண்டு கேள்வி

கையில் இருப்பது உண்மையிலேயே தகரம்தானா? பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், சிமெண்ட் ஷீட் என்றும் சொல்வார்கள். அதில் இருப்பது கல்நார். வெட்டினாலும் உடைத்தாலும் துளை போட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டில் இந்த ஷீட்டை விற்கத் தடை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. அதை வீட்டில் வெட்டவே வேண்டாம். கழற்ற வேண்டி வந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். கீழே விழுந்ததை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்லும் எதையும் ஆஸ்பெஸ்டாஸில் செய்து பார்க்கக் கூடாது.

இரண்டாவது, வெட்டத்தான் வேண்டுமா? இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கலர் ஷீட் விற்கும் பல இடங்களில் நாம் சொல்லும் நீளத்துக்கே மெஷினில் வெட்டித் தருவார்கள். 9 அடி 4 அங்குலம் வேண்டும் என்றால் அந்த அளவே கேளுங்கள். 10 அடி வாங்கி வந்து வெட்டினால் காசும் வீண், ஓரமும் வீண். இதற்கு அளவு சரியாக எடுக்க வேண்டும். சுவரை மட்டும் அளந்தால் போதாது. சாய்வின் வழியாக நூல் பிடித்து, மேலே முகட்டிலிருந்து கீழே எறவாணம் வரை அளந்து, மழைத் தண்ணீர் சுவரில் படாமல் விழ வெளியே நீட்டுவதையும் சேர்க்க வேண்டும். ஒரு ஷீட் நீளம் போதாமல் இன்னொன்று சேர்த்தால் மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் அரை அடியாவது படிய வேண்டும். சாய்வு குறைவாக இருந்தால் இன்னும் கூடுதலாக. பக்கவாட்டில் ஒரு மேடாவது ஏறி உட்கார வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒத்துப் பாருங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு ஓரம், ஒரு மூலை, குழாய் வருகிற இடம் என்று கொஞ்சம் வெட்ட வேண்டித்தான் வரும். அதை நாமே செய்யலாம்.

கோடு போடுவது

பென்சிலால் கோடு போடாதீர்கள். கேட்க ஆச்சரியமாக இருக்கும். பென்சிலின் கரி ஈரத்தோடு சேர்ந்தால் ஜிங்க் பூச்சை அரித்துவிடும், கோடு போட்ட இடத்திலேயே அரிப்பு வரும். மார்க்கர் பேனா போதும். மேடும் பள்ளமுமான ஷீட்டில் குறுக்கே கோடு போட மர ஸ்கேல் உதவாது, ஏறி இறங்காது. தையல் டேப் வைத்திருக்கிறவர்களுக்கு இது சுலபம். டேப்பை மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்கி அழுத்திப் பிடித்து, ஷீட்டின் முனையிலிருந்து ஒரே தூரத்தில் ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கோடு நேராக வரும். வெட்டிய ஷீட் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதையே மேலே வைத்து வரைவது இன்னும் நல்லது.

எதைக் கொண்டு வெட்டுவது?

தகரம் வெட்டும் கத்தரிதான் நம் வீட்டுக்கு ஏற்றது. ஹார்டுவேர் கடையில் ஸ்னிப் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பாரிமுனைப் பக்கம் போனால் பல விதம் கிடைக்கும். பழைய மாதிரி ஒரே இரும்பில் செய்த கத்தரியை அழுத்த நல்ல பலம் வேண்டும், சின்னக் கை உள்ளவர்களுக்குச் சிரமம். பிடிக்கும் வாய்க்கும் நடுவில் இன்னொரு மூட்டு வைத்த கத்தரியில் பாதி வேலையைக் கத்தரியே செய்துவிடும். நாங்கள் இதைத்தான் சொல்லுவோம். பிடியின் நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. மஞ்சள் பிடி நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம் வளைத்து வெட்ட. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஞ்சள். துணி வெட்டும் கத்தரியால் தகரம் வெட்டிப் பார்க்காதீர்கள், கத்தரியும் போகும், கையும் போகும்.

ஷீட்டின் நீளவாக்கில், மட்டமான இடத்தில் வெட்ட வேண்டுமானால் கத்தரிகூட இல்லாமல் செய்யலாம். நேரான கட்டையைப் பிடித்துக்கொண்டு கனமான கத்தியால் அதே கோட்டில் நாலைந்து தடவை கீறுங்கள். பிறகு கோட்டின் மேல் கட்டையை அழுத்தி, வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாக மடக்கினால் மெல்லிய ஷீட் கோட்டிலேயே பிரிந்துவிடும். தூளும் இல்லை, சத்தமும் இல்லை. ஷீட் கனம் என்றால் இது பலிக்காது. வாங்கும்போது கேஜ் கேட்டு வையுங்கள். எண் குறையக் குறைய ஷீட் கனம், 28 கேஜை விட 24 கேஜ் கனமானது.

ஹேக்சா பிளேடும் பயன்படும். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடாகக் கேளுங்கள், பெரிய பல் மெல்லிய ஷீட்டில் மாட்டிக்கொண்டு கிழித்துவிடும். டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவர்கள் அதில் மாட்டுகிற நிப்ளர் வாங்கலாம். சின்னச் சின்னப் பிறை மாதிரி கடித்துக் கடித்து வெட்டும், சூடு வராது. அந்தப் பிறைத் துண்டுகள் ஊசி மாதிரி இருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வெட்டுவது எப்படி?

தரையில்தான் வெட்ட வேண்டும். கூரை மேல் நின்று வெட்டவே கூடாது. நாலு ரீப்பர் கட்டை போட்டு அதன் மேல் ஷீட்டைப் பரப்பி, வேண்டிய பகுதியை ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வெட்டலாம். தையல் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. துணியை வெட்டும்போது கத்தரி முனை வரை மூடுவோம். தகரத்தில் அப்படிச் செய்யக் கூடாது. முனை முழுக்க மூடினால் ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் ஒரு சின்னக் கிழிசல் நிற்கும், கையைக் கீறுவதும் அந்தக் கிழிசல்தான். முக்கால்வாசி மூடி, எடுக்காமல் முன்னே தள்ளி, மறுபடி வெட்டுங்கள்.

அகலமான துண்டை ஒரே வெட்டில் எடுக்க முயன்றால் கழிவுப் பக்கம் விறைத்துக்கொண்டு கத்தரியை மடக்கும். முதலில் கோட்டுக்கு ரெண்டு அங்குலம் வெளியே உத்தேசமாக வெட்டிவிட்டு, அப்புறம் கோட்டில் வெட்டினால் மெல்லிய பட்டை சுருண்டு வழிவிடும். குறுக்கே வெட்டும்போது மேட்டில் ஏறுகிற இடம் கொஞ்சம் நசுங்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. வெட்டி முடித்து மரக்கட்டையால் தட்டினால் பழையபடி வந்துவிடும். குழாய்க்கு மூலை வெட்டும்போது, உள்மூலையில் முதலில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டு அதுவரை வெட்டுங்கள். துளை இல்லாவிட்டால் காற்றில் ஷீட் ஆட ஆட மூலையிலிருந்து கிழிந்துகொண்டே போகும்.

உடுப்பு விஷயம். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். கண்ணாடி வளையல், மோதிரம் வேண்டாம், தாலிச் செயினை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கைக்கு லெதர் கையுறை வேண்டும். நூல் கையுறையைத் தகரம் துணி மாதிரியே வெட்டிவிடும். ஆனால் டிரில்லிங் மெஷின் மாதிரி சுழலும் மெஷின் பிடிக்கும்போது தொளதொள கையுறை ஆகாது, சுற்றி இழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு மூடிய செருப்பு. ரப்பர் செருப்பில் தகரத் துண்டு நேராக ஏறும். குழந்தைகளை முதலிலேயே பக்கத்து வீட்டில் விட்டுவிடுங்கள்.

நேரம் பார்ப்பதும் அவசியம். காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கிவிட்டால் நல்லது. பத்து மணி வெயிலில் ஷீட் கை சுடும். மதியத்துக்கு மேல் நம் பக்கம் கடல்காற்று எழும்பினால் பத்தடி ஷீட் பாய்மரம் மாதிரி ஆளையே தள்ளும். எப்போதும் இரண்டு பேர், நிமிர்த்திப் பிடித்துத் தூக்குங்கள். தலைக்கு மேலே மின்சார ஒயர் எங்கே போகிறது என்று பார்த்த பிறகுதான் தூக்க வேண்டும். வீட்டு மெயினை அணைத்துவிட்டாலும் போஸ்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரில் கரண்ட் இருக்கும். அது கூரைக்கு அருகில் இருந்தால் மின்வாரிய ஆபீசில் சொல்லி நிறுத்தச் செய்த பிறகே வேலை.

மெஷின்தான் வழி என்றால்

சிலர் எப்படியும் மெஷினைத்தான் கூப்பிடுவார்கள். அப்படியானால் சிலவற்றையாவது கேட்டு வாங்குங்கள். மற்ற ஷீட்டுகளையும் பக்கத்தில் உள்ள துணி, சிலிண்டர் எல்லாவற்றையும் தூரத் தள்ளி வைக்க வேண்டும். ஷீட்டின் கலர் பக்கம் கீழே இருக்க வேண்டும். வீலைச் சுற்றியுள்ள மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நாலு அங்குல மெஷின் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், வீல் உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். ஒரு பக்கெட் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். ஜிங்க் புகையை மூடிய இடத்தில் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் மாதிரி வரும், வாயில் இரும்புச் சுவை தெரியும். வெல்டிங் செய்யும்போது இது இன்னும் அதிகம். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பால் குடித்தால் நல்லதுதான், ஆனால் அது புகையைத் தடுக்காது. திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள்.

வெட்டின பிறகு

ஓரத்தை அரத்தால் ஒரே பக்கமாகத் தேயுங்கள், பிசிறு போய்விடும். ஷீட் மேல் கிடக்கும் தூளை உடனே கூட்டித் தள்ளுங்கள். விட்டுவைத்தால் அதுவும் துருப்பிடித்து ஷீட்டையும் கெடுக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் முடிந்து தரையில் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாததும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் துணியை உதறிக்கொள்ளலாம். பிறகு ஓரத்தில் ஜிங்க் பிரைமர் ஒரு கை அடியுங்கள், மெஷினில் வெட்டியிருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும்.

ஷீட்டை ஏற்றும்போது நாம் வெட்டின ஓரம் மேலே முகட்டுக்கு அடியில் போகட்டும், கம்பெனி ஓரம் கீழே எறவாணத்துக்கு வரட்டும். தண்ணீர் சொட்டிச் சொட்டி ஈரம் நிற்பது கீழ் ஓரத்தில்தான். நம் வீடுகளில் எறவாணம் தலை உயரத்துக்குத்தான் இருக்கும், குனிய மறந்தால் நெற்றி கிழியும். பழைய தண்ணீர் டியூப்பை நீளவாக்கில் பிளந்து துண்டு துண்டாக அந்த ஓரத்தில் செருகிவிடுங்கள்.

கை வெட்டிக்கொண்டால்

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயரத் தூக்கிப் பத்து நிமிஷம் விடாமல் வைத்திருங்கள். நடுவில் நடுவில் திறந்து பார்க்க வேண்டாம். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம், டாக்டர் அதையெல்லாம் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். சின்ன வெட்டானாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

விரலை மடக்க முடியவில்லை, அல்லது தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது வெறும் தோல் வெட்டு இல்லை. நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். வெளியே தையல் போட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக் காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கியது. விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. 108-க்கு போன் செய்யுங்கள்.

கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள், முந்தானை முனையால் எடுக்கவும் பார்க்காதீர்கள். சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. நம் வீட்டு வருமானம் நம் கையில்தான் இருக்கிறது. பூக்கட்டுவதும் தையலும் இட்லி மாவு அரைப்பதும் பத்து விரலும் சரியாக இருந்தால்தான். ஒரு மாதம் கை கட்டில் இருந்தால் தவணை யார் கட்டுவது?

ஒரு யோசனை

கத்தரி, அரம், லெதர் கையுறை இரண்டு ஜோடி, கண்ணாடி, ஒரு சின்ன டப்பா ஜிங்க் பிரைமர். இவ்வளவையும் ஒரு வீடு வாங்கினால் வருஷத்தில் ஒருநாள்தான் பயன்படும். குழுவின் பொதுப் பணத்திலோ, நாலு குழு சேர்ந்தோ ஒரு பெட்டி வாங்கி ஊக்குநர் வீட்டில் வைத்துக்கொண்டு, எடுக்கிறவர் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். சின்ன வாடகை வைப்பதா வேண்டாமா என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுங்கள். பந்தல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற குழுக்களுக்கு இது புதிதல்ல.

மிஞ்சின துண்டுகளைக் கூரை மேலேயே கல் வைத்துப் போட்டுவிடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் காற்று என்ன செய்தது என்று பார்த்தோம். ஒரு செங்கல் அந்தக் காற்றுக்கு எந்த மூலைக்கு? பெரிய துண்டைக் கோழிக் கூண்டுக்கோ அடுப்பு மறைப்புக்கோ எடுத்து ஓரம் மடித்து அடித்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டுகளையும் பிசிறுகளையும் பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடி, காயலான் கடையில் எடைக்குப் போடுங்கள். வீட்டுக் குப்பைக் கவரில் மட்டும் போட வேண்டாம். அந்தக் கவரைக் கைவிட்டுப் பிரிக்கிறவர்களில் நம் குழுப் பெண்களும் இருக்கிறார்கள்.